மடிக்கணினியும் மெதுவு, வைஃபையும் அறுந்து அறுந்து போகிறது: எதை முதலில் பார்ப்பது?

ஜெலுத்தோங் டீச்சர் கேட்டது:

வணக்கம். நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) தமிழும் தமிழ் இலக்கியமும் இணையம் வழி சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் கூலிம், சுங்கை பட்டாணி பக்கம். அவர்கள் பள்ளியில் இலக்கியத்துக்கு ஆசிரியர் கிடையாது. என் வகுப்பு நின்றால் அன்றைக்கு அவர்களுக்குப் பாடமே இல்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி 2016-ல் வாங்கியது. இன்டெல் ஐ5, 6-ஆம் தலைமுறை. ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டிபி, விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திரை வந்த பிறகும் உடனே எதுவும் திறக்காது. வேர்டில் ஒரு வினாத்தாளைத் திறந்தால் சன்னல் வெளுத்துப்போய் நிற்கும்.

வைஃபை தனிக் கதை. வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வருகிறது. ரௌட்டர் கீழே ஹாலில், தொலைக்காட்சிக்குப் பின்னால், அலமாரிக்குள் இருக்கிறது. என் அறை மாடியில், பின்பக்கம். இரவு எட்டு மணி வகுப்பில்தான் தொல்லை அதிகம். வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கடந்த ஆண்டு வினாத்தாள்களைத் திறந்து திரையில் காட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் "டீச்சர், குரல் வரல" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சில நேரம் மவுஸ்கூட நொண்டும், அம்புக்குறி இழுத்து இழுத்து நகரும். கம்பியில்லாத மவுஸ், பேட்டரி புதுசு. இதில் புரியாத விஷயம், அதே அறையில் என் கைப்பேசியில் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது.

இணையச் சேவைக்காரர்களுக்குப் போன் செய்தால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். கடையில் காட்டினால் "பழசு, புதுசு வாங்குங்கள்" என்கிறார்கள். வாங்குவதென்றால் வாங்கலாம், ஆனால் வாங்கிய பிறகும் வகுப்பு அறுந்தால் என்ன செய்வது? எது கோளாறு என்று தெரிந்துகொண்டு செலவழிக்க விரும்புகிறேன்.


செந்தூல்வாசி எழுதியது:

அக்கா, வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோவில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. மெஷ் (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் சிறு பெட்டிகள்) வாங்கி ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று வைத்தோம், போய்விட்டது. உங்கள் வீடு இரண்டு மாடி, செங்கல் சுவர், சன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில் இருக்கும். சிக்னல் எப்படி மேலே ஏறும்?

கணினியைப் பற்றிச் சொன்னால், 6-ஆம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான், அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற்றிவிடுவேன். கே.எல். வருகிற நேரம் புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரே கட்டடத்தில் கடை கடையாக விலை கேட்கலாம்.


பாயான் லெப்பாஸ் பழைய ஆள் எழுதியது:

டீச்சர், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மெஷும் வேண்டாம், புதுக் கணினியும் வேண்டாம். செந்தூல் தம்பி சொன்ன விண்டோஸ் விவரம் சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சோதனைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பலகை ஒன்று தவறினால் எந்தப் பகுதி தவறியது என்று பிரித்துக் காட்டாமல் அடுத்த மேசைக்கு அனுப்ப முடியாது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை. கணினி மெதுவாக இருப்பது ஒன்று, இணைப்பு அறுவது இன்னொன்று. இரண்டும் ஒரே திரையில் தெரிவதால் ஒன்றாகத் தோன்றுகிறது. கடைக்காரர் முதலாவதை மட்டும் பார்த்தார், சேவைக்காரர் தன் கம்பியை மட்டும் பார்த்தார். உங்கள் வீட்டுக்குள் இருக்கும் துண்டை ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் இணைப்பு. விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் கறுப்புச் சன்னல் ஒன்று வரும். அதில் பிங் என்று தட்டி, இடம் விட்டு, ரௌட்டரின் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும், ரௌட்டருக்கு அடியில் ஒட்டிய தாளில் பார்க்கலாம். மறுபடி இடம் விட்டு, ஒரு சிறு கோடும் டி எழுத்தும். என்டர் தட்டினால், ஒரு சிறு செய்தி அந்த எண்ணுக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று வரி வரியாகக் காட்டிக்கொண்டு, நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். இன்னொரு கறுப்புச் சன்னல் திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஓட விடுங்கள். இது கூகிளின் பொதுச் சேவை எண், வீட்டுக்கு வெளியே இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துங்கள்.

ரௌட்டர் சன்னலில் ஒவ்வொரு வரியும் சில மில்லிசெகண்டில் வந்துகொண்டே இருந்து, வெளி எண் மட்டும் தவறினால், கோளாறு வீட்டுக்கு வெளியே. அப்போது சேவைக்காரரிடம் அந்தத் திரையின் படத்தைக் காட்டிக் கேளுங்கள், மறுக்க முடியாது. ரௌட்டர் சன்னலிலேயே எண்கள் நூறு, முந்நூறு என்று குதித்தாலோ, பதில் வரவில்லை என்ற வரி வந்தாலோ, கோளாறு உங்கள் அறைக்கும் ஹாலுக்கும் இடையில். அங்கே ஃபைபரை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை. தயவுசெய்து வேகச் சோதனைத் தளங்களை வைத்து முடிவு எடுக்காதீர்கள். முகம் பார்த்துப் பாடம் நடத்த 3, 4 எம்பிபிஎஸ் போதும். அந்த 4 விட்டுவிட்டு வந்தால்தான் குரல் உடைகிறது. இரண்டு வினாடி நின்றதை வேகச் சோதனை சராசரியில் மறைத்துவிடும்.

இப்போது உங்கள் மவுஸ். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய தடயம். கம்பியில்லாத மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபையும் அதே 2.4-தான். இரண்டும் ஒரே நேரத்தில் நொண்டினால், அந்த அலைவரிசையில் ஏதோ ஒன்று இரைச்சல் போடுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வெளி ஹார்ட் டிஸ்க் செருகிய பிறகு நடக்கிறது. யூஎஸ்பி 3.0 கம்பியில் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அந்தக் கம்பியும் முனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். நான் ஊகித்துச் சொல்லவில்லை. 1972-லிருந்து நம் பாயான் லெப்பாஸில் ஆலை வைத்திருக்கிற இன்டெல்லே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. கம்பியில்லாத மவுஸ் பாதிக்கப்படுவதும் அதிலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை, அதன் சுபாவம் அப்படி.

ஆகவே மூன்று நிலையில் பிங் பாருங்கள்: வெளி டிஸ்க் செருகாமல், செருகி, பிறகு கணினியையே ஹாலுக்குத் தூக்கிப்போய் ரௌட்டரில் கம்பி போட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அதோடு விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பண்புகளைத் திறந்து, 2.4 என்று இருக்கிறதா 5 என்று இருக்கிறதா, லிங்க் வேகம் (கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான வேகம்) எவ்வளவு என்று எழுதுங்கள். கைப்பேசி நன்றாக ஓடுவதற்குக் காரணம் அநேகமாக அது 5-ல் இருப்பதுதான்.

கணினி மெதுவு பற்றி: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். தொடங்கிய சில நிமிடங்களுக்கு சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100-ஐத் தொட்டு நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அது காட்டும் நிறத்தைச் சொல்லுங்கள். நீலம் நல்லது. மஞ்சள் என்றால் வேறு எதையும் தொடாமல் இங்கே எழுதுங்கள்.

அவசரப்பட வேண்டாம். இதெல்லாம் காசில்லாத வேலை.


செந்தூல்வாசி எழுதியது:

அண்ணே, யூஎஸ்பி விஷயம் எனக்கே புதுசு. ஆனால் எங்கள் வீட்டில் மெஷ் வேலை செய்ததே?


பாயான் லெப்பாஸ் பழைய ஆள் எழுதியது:

வேலை செய்திருக்கும் தம்பி. உங்களுக்குத் தொலைவுதான் கோளாறாக இருந்திருக்கும், மெஷ் அதைத் தீர்த்தது. டீச்சருக்கு அதுவா இல்லையா என்று இன்னும் தெரியாது. இரைச்சல் கணினியின் பக்கத்திலேயே இருந்தால், மெஷ் பெட்டியை அறைக்குள் வைத்தாலும் இரைச்சல் அங்கேயேதான் இருக்கும். மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் கம்பியில்லாமல் பேசினால், சிக்னல் செத்த இடத்தில் வைத்து எந்த லாபமும் இல்லை, நன்றாக வரும் இடத்தில் வைத்தால்தான் அது எடுத்து நீட்டும். நீங்கள் நடையில் வைத்தது சரியான இடம்.


ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்ன வரிசைப்படியே பார்த்தேன். என் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிவைத்தேன்.

வெளி டிஸ்க் இல்லாமல், பகலில்: ரௌட்டர் 3-லிருந்து 8 மில்லிசெகண்ட், தவறவே இல்லை. டிஸ்கைச் செருகி ஒரு பெரிய கோப்பைத் திறந்ததும் 200, 450 என்று குதித்து, பதில் வராத வரிகள் வரிசையாக வந்தன. டிஸ்கைப் பிடுங்கியதும் பழையபடி ஆனது. மவுஸும் அப்படியே. என் மகன் நம்பாமல் மறுபடி செருகிப் பார்த்தான், அதே கதை.

இரவு எட்டு மணிக்கு, டிஸ்க் இல்லாமல்: முன்பைவிட எவ்வளவோ மேல், ஆனால் இடையிடையே 100-ஐத் தாண்டுகிறது, எப்போதாவது ஒரு வரி தவறுகிறது. ஹாலில் கம்பி போட்டுப் பார்த்தபோது இரவிலும் 1 மில்லிசெகண்டுக்குள் நேர்கோடு மாதிரி வந்தது. வெளி எண்ணும் ஆடவில்லை. அப்படியென்றால் சேவைக்காரர் சொன்னது உண்மைதான்.

பண்புகளில் 2.4 என்றுதான் இருக்கிறது, லிங்க் வேகம் 72. என் கைப்பேசி 5-ல் இருக்கிறது, நீங்கள் சொன்னபடியே.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100-இல் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் விநாடிக்கு 1, 2 எம்பிதான் காட்டுகிறது. மெமரி 80-க்கு மேல். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள். சி5 என்ற வரிசையில் ஒரு எண் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. கணினிக்குள் இருக்கும் அந்த டிஸ்கில்தான் 20 வருட வினாத்தாள்கள் இருக்கின்றன. என் அப்பா முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டிய பழைய பள்ளி மலர்க் கட்டுரைகளும் அதில்தான். வேறு எங்கும் நகல் இல்லை.


பாயான் லெப்பாஸ் பழைய ஆள் எழுதியது:

டீச்சர், மற்றதெல்லாம் நிற்கட்டும். முதலில் உங்கள் அப்பாவின் கட்டுரைகள்.

சி5 என்பது படிக்கச் சிரமப்பட்டு, மாற்றப்படக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. பூச்சியமாக இருக்க வேண்டியது. டிஸ்க் இன்றைக்கே செத்துவிடும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் நம்பி வைக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆகவே டிஃப்ராக் (கோப்புத் துண்டுகளை அடுக்குவது) வேண்டாம், செக்டிஸ்க் (டிஸ்கில் பிழை தேடுவது) வேண்டாம். "கணினியை வேகமாக்குகிறோம்" என்று விளம்பரம் வரும் எந்த மென்பொருளும் வேண்டாம். அவை எல்லாம் அந்த டிஸ்கைத் தலை முதல் கால் வரை உழவைக்கும், மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கும்.

நகல் எடுக்கும்போது முழு டிஸ்கையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். திரும்பக் கிடைக்காதவை முன்னால்: அப்பாவின் கட்டுரைகள், பிறகு வினாத்தாள்கள், பிறகு படங்கள். ஒரு கோப்பு சிக்கிக்கொண்டு நகராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம். வெளி டிஸ்கில் ஒரு நகல், இணையக் கிடங்கில் ஒரு நகல். வெளி டிஸ்க் ஒன்றை மட்டும் நம்பினால் நாளைக்கு அதற்கும் இதே கதிதான்.

இன்னொன்று, தமிழ்க்காரர்கள் பலர் மறந்துபோகும் விஷயம். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு அஞ்சல் காலத்துக் கோப்புகளில் பல, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தியவை. அந்தக் கோப்பை மட்டும் எடுத்து, அதற்குரிய எழுத்துருவை எடுக்காமல் விட்டால், புது விண்டோஸில் திறக்கும்போது புரியாத எழுத்துக் குவியலாக வரும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதில் நீங்கள் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டுரையையும் இந்தக் கணினியிலேயே திறந்து, எழுத்து ஒழுங்காகத் தெரியும்போதே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். எழுத்துரு தொலைந்தாலும் அப்பா எழுதியது கண்ணுக்குத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

இதை முடித்துவிட்டு வாருங்கள்.


பட்டர்வொர்த் தம்பி எழுதியது:

அக்கா, நான் பட்டர்வொர்த்தில் கடையில் மடிக்கணினி பழுது பார்க்கிறேன். அண்ணன் சொன்ன நகல் வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

உங்கள் கணினி செத்துப்போகவில்லை. ஐ5 6-ஆம் தலைமுறை பாடம் நடத்தத் தாராளமாகப் போதும். கழுத்தைப் பிடிப்பது அந்த ஹார்ட் டிஸ்க்தான். இந்த மாதிரி மடிக்கணினி டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று, இசைத்தட்டு முள் மாதிரி ஒரே ஒரு கை அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுக்கும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒரே நேரத்தில் கேட்கப்படும், அதனால்தான் 100 என்று நின்றுகொண்டு 1, 2 எம்பி மட்டும் கொடுக்கிறது. எஸ்எஸ்டி என்பது தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் ஓடும் கை இல்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கினால் அதே இடத்தில் உட்காரும், தொடர் வாசிப்பு விநாடிக்கு 500 எம்பிக்குப் பக்கம் வரும். 500 ஜிபி அளவு உங்களுக்குப் போதும். பெரிய கோப்புகளை வெளி டிஸ்கில் வைக்கலாம்.

பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மஞ்சள் காட்டும் டிஸ்கில் அந்த வேலை பாதியில் நிற்கும், நின்றால் இரண்டுமே உருப்படியாக இருக்காது. புதிதாக விண்டோஸ் போடுங்கள். உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால் டிஸ்க் மாறினாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானே செயல்படும். தனியாகச் சாவி வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். கடைக்குப் போகும் முன் அடியில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். 6-ஆம் தலைமுறையில் சில மாடல் டிடிஆர்3எல், சில மாடல் டிடிஆர்4. ஒன்று மற்றதன் பள்ளத்தில் உட்காராது. விலை அடிக்கடி மாறுகிறது, கொம்தார், பிராங்கின் மால் பக்கம் இரண்டு கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். திறக்கிறபோது காற்றாடியில் தூசியும் எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெக்கையில் காற்றாடி அடைத்தால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வைஃபை அட்டை பற்றி: லிங்க் 72 என்றால் அது அநேகமாக ஒரே ஆன்டெனா, 2.4 மட்டும் உள்ள அட்டை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அப்படிப்பட்ட அட்டையின் உச்சமே அவ்வளவுதான், கையில் கிடைப்பது அதில் பாதி. 5-ம் பேசும் அட்டையாக மாற்றலாம். ஆனால் சில நிறுவனங்களின் மடிக்கணினி தான் ஒப்புக்கொண்ட அட்டையைத் தவிர வேறு எதையும் ஏற்காது. முதலில் உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சின்ன யூஎஸ்பி வைஃபை வாங்கலாம்.


ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

தம்பி, ரொம்ப நன்றி. நகல் எடுத்து முடித்துவிட்டேன். அப்பாவின் கட்டுரைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை, எல்லாவற்றுக்கும் பிடிஎஃப் இருக்கிறது. எழுத்துருக்களையும் எடுத்துவிட்டேன். அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கோப்புறை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. படங்களில் சில கோப்புகள் மட்டும் நகரவில்லை, அவை கைப்பேசியிலும் இருக்கின்றன.

இன்னும் சில கேள்விகள். செந்தூல் தம்பி சொன்னபடி விண்டோஸ் 10 முடிந்துவிட்டதென்றால் புதிதாக அதையே போடலாமா? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறார்கள், அதில் தமிழ் தட்ட முடியுமா? அப்புறம், வகுப்பில் வெளி டிஸ்கை எப்படித்தான் பயன்படுத்துவது?


பாயான் லெப்பாஸ் பழைய ஆள் எழுதியது:

கடைசிக் கேள்வி முதலில், அது இன்று இரவு வகுப்புக்கே உதவும். உங்கள் கணினியில் யூஎஸ்பி துளைகளுக்குள் பாருங்கள். உள்ளே நீலமாக இருப்பது பெரும்பாலும் 3.0, கறுப்பாக இருப்பது 2.0. வெளி டிஸ்கைக் கறுப்பில் செருகுங்கள். 2.0 வேகத்தில் அந்த 5 கிகாபிட் ஓட்டம் இல்லை, ஆகவே அந்த இரைச்சலும் இல்லை. கோப்பு நகல் மெதுவாகும், ஆனால் வினாத்தாள் திறக்க அது தாராளம். கறுப்புத் துளை இல்லையென்றால், வகுப்புக்கு முன்பே அன்றைய தாள்களைக் கணினிக்கு நகர்த்திவிட்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். மவுஸின் சிறு முனையையும் நீலத் துளைக்குப் பக்கத்தில் செருக வேண்டாம்.

இரவில் மட்டும் மிச்சமிருக்கும் தடங்கல் அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசல். வரிசை வீடுகளில் எட்டு மணிக்கு எல்லாரும் வீட்டில். 2.4-இல் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ரௌட்டரின் பக்கத்துக்குள் போய் (கடவுச்சொல் அடியில் ஒட்டியிருக்கும், போனதும் அதை மாற்றிவிடுங்கள்) இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், அகலத்தை 20 என்று வையுங்கள். ரௌட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்துத் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். தொலைக்காட்சியின் உலோக முதுகுக்குப் பின்னால் வைத்தால் பாதி சிக்னல் அங்கேயே நின்றுவிடும். சாமி மேடைக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அந்த உயரம் நல்ல உயரம்.

ஆனால் உங்கள் வேலைக்கு என் முடிவு இதுதான்: கம்பி இழுங்கள். பாடம் நடத்தும் கணினி ஒரே மேசையில் இருக்கிறது, அது நகரப்போவதில்லை. ஹாலில் கம்பி போட்டபோது நீங்களே பார்த்தீர்கள், இரவிலும் 1 மில்லிசெகண்ட். கேட் 5இ என்ற சாதாரண நெட்வொர்க் கம்பியே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும், உங்கள் வீட்டில் மாடிப்படி ஓரமாக ஏற்றினால் 20, 25 மீட்டர்தான் வரும். வெள்ளை டிரங்கிங் போட்டு மூடினால் கண்ணை உறுத்தாது. குளிர்சாதனக் குழாய் ஏறும் வழி இருந்தால் அதோடும் கொண்டுபோகலாம், ஆனால் மின்கம்பியோடு ஒரே குழாயில் திணிக்க வேண்டாம். மெஷ் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு. இரவு எட்டு மணிக்கு கூலிமில் ஒரு பிள்ளை காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, பக்கத்து வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை நம்பி உங்கள் பாடம் ஓடக்கூடாது.

விண்டோஸ் பற்றி: 10-ஐயே புதிதாகப் போட்டு, தனிநபர்களுக்கான மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு நீட்டிப்பில் சேர்ந்துகொள்ளலாம். அது 2026 அக்டோபர் 13 வரை. கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் அதற்குக் காசு இல்லை. அதற்குப் பிறகு லினக்ஸ் மிண்ட் நல்ல வழி. கூகிள் மீட் உலாவியில் ஓடுவதால் அங்கேயும் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்க்கலாம். எஸ்எஸ்டி போட்ட பிறகு ஒரு யூஎஸ்பி குச்சியிலிருந்து மிண்டை நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள், கை பழகுகிறதா என்று தெரியும். பழைய வேர்டு வினாத்தாள்களின் பக்க அமைப்பு அங்கே கொஞ்சம் கலையும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-லேயே 2019 மே பதிப்பிலிருந்து அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் உள்ளே இருக்கின்றன, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. கணினி மெதுவு என்று தேட ஆரம்பித்ததும் விளம்பரங்களும் அழைப்புகளும் வரும். "உங்கள் கணினியில் வைரஸ், நாங்கள் தூரத்திலிருந்து சரி செய்கிறோம்" என்று யார் சொன்னாலும் திரையைத் திறந்து கொடுக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். உங்கள் மாணவர்களின் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்.


ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டாயிற்று. கடைக்காரர் அடியைத் திறந்து பார்த்து டிடிஆர்3எல் என்றார். காற்றாடியிலிருந்து எடுத்த தூசியைக் காட்டியபோது எனக்கே திகைப்பாக இருந்தது. இப்போது பொத்தானை அழுத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராகிவிடுகிறது. உரிமம் தானே வந்துவிட்டது. அப்பாவின் கட்டுரை ஒன்றைத் திறந்து, எழுத்துருவைச் சேர்த்ததும் எழுத்துகள் அப்படியே வந்தன.

கம்பியை மாடிப்படி ஓரமாக என் மகனும் அவன் மாமாவும் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். ரௌட்டரும் அலமாரியிலிருந்து வெளியே வந்தாயிற்று. வெளி டிஸ்க் கறுப்புத் துளையில். இந்த வாரம் முழுக்க ஒரு பிள்ளைகூடக் குரல் வரவில்லை என்று எழுதவில்லை. சுங்கை பட்டாணி மாணவி ஒருத்தியின் பக்கத்தில்தான் இப்போது அறுகிறது. அவளுக்குப் பிங் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அண்ணே, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கை என்ன செய்வது? கடைக்காரர் "வேண்டாம் என்றால் நானே வைத்துக்கொள்கிறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை.


பாயான் லெப்பாஸ் பழைய ஆள் எழுதியது:

கொடுக்காதது மிக நல்லது. மாணவர்களின் மதிப்பெண், பெற்றோரின் தொலைபேசி எண், உங்கள் வங்கிக் கடிதம் எல்லாம் அதில் இருக்கும். கோப்பை அழித்தாலும் திரும்ப எடுக்க முடியும். நகராத படங்களுக்காக ஓரிரு மாதம் ஒரு உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். அதற்குள் எந்தக் கோப்பும் குறையவில்லை என்று உறுதியானதும், திருகாணியைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டுகளை நன்றாகக் கீறிவிட்டு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். சில தட்டுகள் கண்ணாடி, உடையும்போது சிதறும், துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

இடி மழை வரும்போது மடிக்கணினியின் மின்முனையோடு இந்தப் புதுக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ஆனால் ரௌட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் சுவரில் இருக்கிறது. அது வழியாக வருவது கம்பியில் ஏறி உங்கள் கணினி வரைக்கும் வரும். ஆகவே ரௌட்டரின் சுவிட்சையும் அணைத்து அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

சுங்கை பட்டாணி மாணவியின் பிங் எண்களை இங்கே போடுங்கள், ரௌட்டருக்கு ஒன்று, 8.8.8.8-க்கு ஒன்று. அவள் கைப்பேசியில் பார்க்கிறாளா கணினியிலா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.